எல்லோருக்கும் வடை வாங்கிய மாமா

கோயில் கைங்கர்யத்துக்கு லாயக்கில்லை என்று திருவள்ளூரில் என் வீட்டார் தீர்மானித்த பிறகுதான், 1968இல், நான் கடம்பத்தூர்ப் பக்கம் தமிழ் வாத்தியார் ஆனேன். பெருமாளுக்கு ஆகாதவன் பிள்ளைகளுக்காவது ஆவான் என்று ஒரு நம்பிக்கை.

பள்ளிக்கூடத்தை ஒட்டியே ரயில் பாதை. மெயில் வண்டி போகும்போது புகை மேகம்போல வகுப்புக்குள் நுழையும். பாடம் நிற்கும். புகை கலைந்த பிறகும் என் பகல் கனவு கலையாது.

எட்டாம் வகுப்பு மாதிரித் தேர்வில் கட்டுரை: ‘நான் செய்த ரயில் பயணம்.’ இதில் தவறினால் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். அனுப்பாவிட்டால் என் வகுப்புச் செல்வி இனி நடவுக்குத்தான் என்று அவள் நைனா சொல்லிவிட்டார்.

செல்வி ரயில் ஏறியதே இல்லை. எழுதியிருந்தாள்: ‘நான் சேற்றில் நிற்கிறேன். ரயில் வருகிறது. முகங்கள் கோத்த மாதிரி போகின்றன. அது போன பிறகு நான்தான் எங்கோ போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது. கால் மட்டும் அங்கேயே இருக்கிறது.’

படித்ததும் என் கால் தரையில் இல்லை. ஹெட்மாஸ்டர் அனந்தபத்மநாபன் இழுத்து இறக்கினார்.

“ஓய் ஸம்பத்து, இவ ரயில்லயே ஏறலையே. சைபர் போடும்.”

“ஏறினவா எழுதினதைப் பார்த்தேளா சார்? அத்தனை பேரும் ஒரே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கா. அத்தனை பேருக்கும் அரக்கோணத்துல ஒரே மாமா வடை வாங்கித் தரார்.”

அந்த வடைக் கட்டுரையை வருஷாவருஷம் சொல்லி எழுதவைப்பவர் அவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது என் மாமா, ஓய். தங்கமான மனுஷர்.” கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, தேறினதா போட்டுக்கும். ஆனா சர்க்கார் பரீட்சை திருத்தறவனுக்குச் சேறு தெரியாது, வடைதான் தெரியும். மாமாவை இவளுக்கும் நெட்டுரு போடவையும்.”

ஆக, நன்றாக எழுதுகிறவளுக்குச் சுமாராக எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது.

“இந்த மாமா யாரு சார்?” என்றாள் செல்வி.

“பரீட்சை எழுதற எல்லாருக்கும் மாமா. வடையை விட்டுடாதே, மார்க்கே அதுக்குத்தான்.”

வடைவரை ஒப்பித்தாள். வெளியே மெயில் வண்டி. பெஞ்சுகள் நடுங்கின. புகைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“சார், ஜன்னலாண்ட குந்திக்கினு பாக்கசொல்ல, வயல்ல ஒரு பொண்ணு நிக்குதுன்னு எழுதிக்கவா?”

திருத்துகிறவரின் சிவப்பு மசி ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

“எழுதிக்கோ. ஒரே ஒரு வரி.”

“கை காட்டுதுன்னு?”

“யாரு? வயல்ல நிக்கறவளா, வண்டியில போறவளா?”

செல்வி நோட்டைத் திறந்தாள்.

“ஒரு வரிதான சார்? ரெண்டு பேருமே காட்டிக்கிறோம்.”