அரை மில்லிமீட்டர் ஆணி

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் மாதிரிப் படகு மாதக்கணக்காக மொட்டையாக நிற்கிறது. முழ நீளம். புகைக்குழாய், எஞ்சின் அறை, கைப்பிடிக் கம்பி எல்லாம் வந்தாயிற்று. பக்கத் தகடுகளில் ஆணித்தலைகள் மட்டும்தான் பாக்கி. அவற்றை வெட்ட ஒரு பஞ்ச் செட் வேண்டும். துளைகள் போட்ட இரும்புக் கட்டை ஒன்று, அதன்மேல் அதே துளைகளோடு ஒரு தகடு, துளைக்கேற்ற கம்பிகள் சில. நடுவே பிளாஸ்டிக் தாளைச் செருகி, கம்பியை விட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் குட்டி வட்டம் விழும். இவ்வளவுதான் விஷயம். இதைப் பார்த்து வாங்க அவள் கணவனுக்கு ஒரு ஜென்மம் போதவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்துகிற மனுஷன். அங்கே திருத்தியது போதாதென்று வீட்டிலும் அதே வேலை. முதலில் வந்த செட்டில் கம்பி துளைக்குள் ஆடுகிறதாம், வட்டத்தின் ஓரம் பிசிறடிக்குமாம். திருப்பி அனுப்பினான். அடுத்ததில் மேல்தகடு கண்ணாடி மாதிரி ஊடே தெரிகிற ரகம் இல்லை, எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்று தெரியாதாம். அதுவும் போயிற்று. கடைத்தெருவில் பார்த்ததில் சின்னத் துளையே ஒன்றரை மில்லிமீட்டர்.

“அது போதாதாங்க? ஆணித்தலைதானே?” என்றாள், வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு.

“போதுமாவா! நிஜப் படகுக்குக் கணக்குப் பார்த்தா கதவுக் குமிழ் சைஸு வரும். உங்கப்பா சிரிப்பாரு.”

“அவர் பார்த்தாத்தானே சிரிக்கிறதுக்கு!”

அந்த நிஜப் படகின் எஞ்சினை ஓட்டியே காலத்தைக் கழித்தவர் அப்பா. இப்போது கண் மங்கிக்கொண்டே வருகிறது. போன பார்வை இனி வராது, இருப்பதும் நிற்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் ஒரே ஒரு தடவை அவர் படகைப் பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கடைசியில் ஐயாவுக்குப் பிடித்த செட் வந்தது. அரை மில்லிமீட்டர். உட்கார்ந்து ஒரு கிண்ணம் நிறைய வெட்டினான். வியர்க்கிறதே பாவம் என்று அவள் ஃபேனைப் போட்டாள். அத்தனையும் பறந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லி மாளாது. மறுபடி வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டி முடித்தான்.

அப்பா வந்தார். மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“வெள்ளையா என்னமோ தெரியுதும்மா” என்றார். பிறகு கையால் தடவினார். “வழவழன்னு இருக்கே. ஆணி அடிக்கலையா மாப்ளே?”

“அங்கதான் மாமா இருக்கு. உங்க விரலுக்குக் கீழே.”

அப்பா இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “நல்லா இருக்கு” என்றார், யார் வீட்டுக் குழந்தையையோ சொல்வதுபோல்.

அவரை அனுப்பிவிட்டு வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அளவு அளவுன்னு நாளைக் கடத்தி அந்தக் கண்ணைத் தொலைச்சுட்டீங்களே! இப்ப யாருக்குங்க இந்த அரை மில்லிமீட்டர்?” சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். அந்தக் கதவுக் குமிழ் செட்டோடுதான் திரும்பினான். ஒட்டியதையெல்லாம் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டி ஒட்டினான். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது.

அடுத்த முறை அப்பா குனியவே இல்லை. நேராகக் கையை வைத்தார். விரல் ஒவ்வொரு ஆணியாக ஏறி இறங்கி எஞ்சின் அறைப் பக்கம் போய் நின்றது.

“இவ்வளவு பெரிசா இருக்காதே மாப்ளே.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கணவன் அவளைப் பார்க்கவே இல்லை.

“ஆமா மாமா. தப்புதான்.”

“அப்படியே இருக்கட்டும்” என்றார் அப்பா, கையை எடுக்காமல். “திருத்திடாதீங்க.”