பிரேம்சிங்கின் துண்டு

போடியில் ஏலக்காய் சோதனைக் கூடத்துக்குப் புது இயந்திரம் வந்தபின் கிருபாராணிக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. காயை அரைத்து, கரைசலில் குலுக்கி, வடித்துச் சின்னக் குப்பிகளில் ஊற்றித் தட்டில் அடுக்கினால் போதும். இயந்திரத்தின் கை ஒவ்வொரு குப்பியாக எடுத்து ஊசி குத்தி உறிஞ்சிக்கொள்ளும். பெரிய தொட்டி நிறையத் தண்ணீரில் ஒரு சொட்டு பூச்சிமருந்து கலந்திருந்தாலும் சொல்லிவிடும். முடிவையும் அதுவே அனுப்பிவிடும். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் கிருபாராணி விவசாயிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்பாள். இப்போது யாருடைய காய் என்றே தெரியாது. குப்பியில் கோடு போட்ட ஸ்டிக்கர்தான் இருக்கும், பெயர் இருக்காது.

அதனால் ஞானசெல்வியின் ஏலக்காய் தேறவில்லை என்ற செய்தி, கிருபாராணி பார்க்கும் முன்பே கம்பெனிக்கும் ஞானசெல்விக்கும் போய்விட்டது.

போடிமெட்டுக்குக் கீழே சரிவில் ஞானசெல்விக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம், அதிலேயே வீடு. சில வருடங்களுக்கு முன்பு அங்கே பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கணவன் பிரேம்சிங் மயங்கி விழுந்தான். மலைக்கு ஆளேற்றி ஓட்டும் ஃபயாஸ் தன் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். பாதி வழியில், ஒரு வளைவில், உயிர் போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்தவள், இனி இந்த மண்ணில் ஒரு சொட்டு மருந்து விழாது என்று ஆண்டவரிடம் சொன்னாள். மருந்தடிக்காமல் ஒரு பொம்பளை ஏலம் எடுத்துவிடுவாளாக்கும் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவள் வேப்பம்புண்ணாக்கு போட்டாள். புழு துளைத்த தண்டுகளைக் கையால் வெட்டி எடுத்தாள். இந்த வருடம்தான் மருந்தில்லாத காய் வாங்கும் ஒரு கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டது. இப்போது அந்தப் பெயரும் போகப்போகிறது. அதைவிட, ஆண்டவரிடம் சொன்ன வார்த்தையே பொய் என்றாகிறது.

மறுநாள் காலையில் அவள் கூடத்து வாசலில் வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று கிருபாராணி நினைத்தாள்.

"நான் அடிக்கலம்மா," என்றாள் ஞானசெல்வி. "அவரு விழுந்த எடத்துல நான் எப்பிடி அடிப்பேன்?"

இதே பேச்சைக் கிருபாராணி எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். இருந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிவரச் சொல்லி, சோதனைக்குக் காயை எப்படி எடுத்தாள் என்று விசாரித்தாள்.

அவர்கள் பக்கம் முதல் பறிப்பைக் காயவைத்ததும் ஒரு கையளவு வீட்டு ஆம்பளையின் துண்டில் முடிந்து கோயிலில் வைத்துச் செபிப்பது வழக்கம். பிரேம்சிங் வருடா வருடம் செய்தது. இந்த வருடம் ஞானசெல்வி அவன் துண்டிலேயே முடிந்து கொண்டுபோனாள். போதகர் செபித்த அந்தக் காயைத்தான் கம்பெனி கொடுத்த பையில் கொட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"மூட்டையில கெடக்குறத விட செபிச்ச காய்தான நல்ல காயி?"

கிருபாராணி டீ கிளாசைக் கீழே வைத்தாள். எந்தத் துண்டு என்று கேட்டாள். அன்று மருந்தடிக்கும்போது அவன் மூக்கில் கட்டியிருந்தது என்றாள் ஞானசெல்வி. அதன்பின் துவைக்கவே இல்லை.

காரணத்தைக் காட்டினால் மறுசோதனைக்குச் சம்மதம் என்றது கம்பெனி. ஞானசெல்வி துண்டோடு வந்தாள். கிருபாராணி மலைக்கு ஆளனுப்பி மூட்டையின் அடியிலும் நடுவிலும் இருந்து புதிதாகக் காய் எடுத்துவரச் செய்தாள். துணியையும் வெட்டிக் கரைசலில் போட்டாக வேண்டும். விரல் அகலத்துக்கு, ஓரத்தில் மட்டும் வெட்டினாள்.

இரண்டு குப்பிகள். இயந்திரக் கை இறங்கி ஏறுவதை ஞானசெல்வி செபிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். காய்க்கான கோடு திரையில் தரையோடு தரையாகப் போனது. துண்டுக்கான கோடு செங்குத்தாக எழும்பியது.

"உங்க காய்ல ஒண்ணுமே இல்லக்கா. தேறிருச்சு. மருந்து துண்டுலதான் இருக்கு."

ஞானசெல்வி அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. மற்றதைப் பார்த்தாள்.

"அப்ப அந்த வாசம்?" என்றாள். "எம்மக ஷெர்லினு அத மூஞ்சில போட்டுக்கிட்டுத்தான் தூங்குறா. அப்பா வாசம்னு. நானுந்தான்."

கிருபாராணி மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"அவரு அதுல கொஞ்சங்கூடவா இல்ல? மிசினு அதச் சொல்லாதா?"

"மருந்தத் தேடத்தான்க்கா இதுக்குச் சொல்லிக் குடுத்துருக்கு. மத்தது இதுக்குத் தெரியாது."

"அலசுனா போயிருமா?"

"மருந்து போகும். வாசமும் போயிரும்க்கா."

கிருபாராணி கையுறை போட்டுக்கொண்டு துண்டைச் சீராக மடித்தாள். கூடத்திலிருந்த அகலவாய்க் கண்ணாடி ஜாடி ஒன்றில் வைத்து மூடியை இறுக்கினாள். கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் தன் கையால் 'பிரேம்சிங்' என்று எழுதினாள். பிள்ளை பார்க்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், திறக்க மட்டும் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். ஆண்டவர் அந்த நேரத்தில் அவளுக்குக் கொடுத்த யோசனை அவ்வளவுதான்.

சாயங்காலம் ஞானசெல்வி ஜீப்பில் ஏறும்போது ஃபயாஸ் ஜாடியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஊறுகாயா? நமக்கும் ரெண்டு குடுங்க," என்றான். பிறகு பெயரைப் படித்தான். முன்சீட்டில் இருந்தவரைப் பின்னால் போகச் சொல்லி அவளுக்கு இடம் கொடுத்தான்.

அந்த வளைவு வந்ததும் ஜீப்பை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தான். பின்னாலிருந்த யாரோ வெரசாப் போகச் சொன்னபோதும் வேகத்தைக் கூட்டவில்லை. ஞானசெல்வியின் கை தானாக ஜாடியின் மூடிக்குப் போனது. சற்றுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகு மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.