ரோண்டாவுக்கு நாலாவது ஆள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஈஸ்டனிலிருந்து ஃபிலிப்ஸ்பர்க்குக்குப் போகிற பாலத்தின் நடைபாதையில், பக்கத்து வீட்டு ரோண்டா திடீரென்று நின்றுவிட்டாள். கீழே டெலவேர் ஆறு. பாலத்தின் இந்தப் பாதி பென்சில்வேனியா, அந்தப் பாதி நியூ ஜெர்சி. நாங்கள் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்திருந்தோம். அவள் கையில் எலுமிச்சை கேக், தோளில் பழுப்பு நிறப் பை.

"ஏய், நில்லு நில்லு."

"என்ன, அடுப்பை அணைக்கலையா?"

"பையில இருக்குடி."

எது இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பென்சில்வேனியா அவளுக்குக் கொடுத்த உரிமம் பாலத்தின் நடுவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அதே பை, அதே பெண், அதே நடை. ஆனால் பையைத் திறந்து பார்த்தால் சிறை. ஆற்றைத் தாண்டும் நாட்களில் கைத்துப்பாக்கியை வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். அன்று கேக்குக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றுகிற அவசரத்தில் மறந்துவிட்டாள்.

பாலத்தின் அந்த முனையில் அவள் காதலன் கார்மைன் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். ரோண்டா கேக்கை என்னிடம் திணித்தாள். "நீ போ. வெச்சிட்டு வந்துடறேன்னு அவன்கிட்ட சொல்லு," என்று திரும்பி நடந்தாள். வரவேயில்லை. நானும் கார்மைனும் அவன் அண்ணனும் ஆறிப்போன பாஸ்தாவைச் சாப்பிட்டோம். (கேக் பிரமாதமாக இருந்தது. இதை எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.)

2

தொடக்கங்கள்.

"ரோண்டா ஷ்லீகலின் பையில் ஒரு துப்பாக்கி இருந்தது." அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் அது எப்போது வெடிக்கும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். வேறு எதையும் கவனிக்க மாட்டீர்கள்.

"அமெரிக்காவில் துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், மக்கள் எங்கே பயணம் செய்வது, எங்கே குடியேறுவது என்பதையெல்லாம்" போதும். இது கட்டுரை. இதற்கு என்னைவிட நன்றாகத் தூங்கவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

"அவளுக்குக் காதல் வந்தபோது வயது ஐம்பத்தெட்டு; காதலன் தவறான கரையில் இருந்தான்." இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே சந்தேகமும் வந்தது. கரை என்ன தப்பு செய்தது?

ரோண்டாவிடமே கேட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பதினாலு வருடமாக அவள் தும்முவது எனக்கும், நான் தாளிப்பது அவளுக்கும் தெரியும்.

"கதையில துப்பாக்கி வந்துட்டா கடைசியில வெடிச்சே ஆகணும்னு எழுதறவங்க சொல்வாங்க, ரோண்டா."

"அப்படியா எழுத்தாளரம்மா? பதினோரு வருஷமா தூக்கிட்டு அலையறேன், ஒரு தடவைகூட வெடிக்கல. உன் கதைக்கு மட்டும் என்ன கொள்ளை அவசரம்?"

அதோடு அந்த விதியைக் குப்பையில் போட்டேன். இந்தக் கதையில் துப்பாக்கி வெடிக்காது. அதற்காகக் காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

3

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. இதை மறைத்துவிட்டு இந்தக் கதையை எழுதுவது ஏமாற்று வேலை. அவள் பையை என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தால் என் கண் அதிலேயே இருக்கும். ஒருநாள் பொறுக்காமல் சொல்லியும்விட்டேன். அன்றிலிருந்து பையை நாற்காலிக்கு அடியில் வைக்கிறாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் வைத்திருக்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் கணவன் வேய்ன். அடித்தான். விவாகரத்துக்குப் பிறகு அவள் வேலை செய்கிற பல் மருத்துவமனை வாசலில் காரில் உட்கார்ந்திருப்பான். பேச மாட்டான், இறங்க மாட்டான், எஞ்சினை மட்டும் ஓட்டிக்கொண்டே இருப்பான். அவள் கிட்டே போகாதே என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவன் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நிறுத்தினான். அதற்கு அடுத்த வாரம்தான் ரோண்டா உரிமம் வாங்கினாள்.

இப்போது அவன் ஓஹையோவில் இருக்கிறானாம். வேறு கல்யாணம், வேறு வேலை. கதாசிரியராக இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. இத்தனை வருடம் கழித்துமா பயம்? வாசகர் நம்புவாரா?

"அவன் மறந்திருப்பான், ரோண்டா."

"இருக்கும். எனக்கும் மறந்துடுச்சுன்னு என் முதுகுகிட்ட சொல்லு. கார் நிக்கற சத்தம் கேட்டா அதுதான் முதல்ல சில்லிட்டுப் போகுது."

சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

4

கடல் பற்றி ஒரு சின்னப் பகுதி. (கதைக்கு இது தேவையில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்குக் கடல் பிடிக்காது.)

ஈஸ்டனிலிருந்து ஜெர்சி கடற்கரைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. எங்கள் தெருவே கோடையில் அங்கேதான் கிடக்கும். ரோண்டா மட்டும் வட கரோலினாவுக்குப் போவாள். பத்து மணி நேர வண்டி. ஏனென்றால் அந்த மாநிலம் அவள் உரிமத்தை ஏற்றுக்கொள்கிறது. வழியில் மேரிலாண்ட் ஒரு நாக்கு அகலத்துக்குக் குறுக்கே வரும். அது ஏற்காது. அதனால் அதற்கு முந்தைய பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, குண்டுகளைத் தனியே எடுத்து, இரண்டையும் பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைப்பாள். அங்கே எப்போதும் இன்னும் இரண்டு மூன்று பேர் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்களாம். யாரும் பேசுவதில்லை, தலையசைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போனதும் மறுபடி நிறுத்தி மறுபடி எடுப்பார்கள்.

"அங்க போய் என்னத்தப் பாத்த?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடல்."

"இங்க இருக்கற அதே கடல்தானே?"

"அதே கடல்தான். ஆனா அங்க என்னால கண்ண மூடிட்டு மணல்ல படுக்க முடியுது."

5

கார்மைன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். மனைவி இறந்து ஐந்து வருடம். அண்ணன் சால் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கார்மைன் தன் கையாலேயே வாசலில் சரிவு போட்டு, கதவுகளை அகலமாக்கி, குளியலறையை இடித்துக் கட்டிய வீடு அது. அதை விட்டு அவன் இந்தக் கரைக்கு வர முடியாது. யாரும் அவனை வரச் சொல்லவும் இல்லை.

ரோண்டாவின் மாடி ஜன்னலில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் அவன் வீட்டுக் கூரை தெரியும். அவன் சமையலறையில்தான் கேட்டான். தக்காளிக் குழம்பைக் கிளறிக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

"வந்துடேன் ரோண்டா. நான், நீ, சால். கல்யாணம் பண்ணிக்கலாம்."

சால் உடனே, "முதல்ல அடுப்பைப் பார்றா, அடிபிடிக்குது. அப்புறம் கையைப் பிடிக்கலாம்," என்றார்.

ரோண்டா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "வரேன். ஆனா அது இல்லாம வர மாட்டேன். உங்க ஊர்ல எனக்கு உரிமம் கெடைக்கணும்."

"எங்க ஊர்ல பெட்ரோலையே நாமளா போட்டுக்க விட மாட்டான். துப்பாக்கியா சும்மா தூக்கிக் குடுப்பான்?"

"கேட்டுப் பாக்கறேன்."

"நான் இருக்கேனே, ரோண்டா."

"நீ இருப்ப. காலைல பஸ்ஸை எடுத்துட்டுப் போயிடுவ. அப்புறம் வாசல்ல கார் வந்து நின்னா நானும் சாலும் என்ன பண்றது, கரண்டியக் காட்டறதா?"

கார்மைன் கோபப்படவில்லை. கிளறுவதை நிறுத்தினான், அவ்வளவுதான். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் சொல்வது சரி, நடுவில் ஓர் ஆறு.

6

நியூ ஜெர்சியில் உரிமம் கிடைக்கும், ஆனால் சும்மா கிடைக்காது. பயிற்சி, கைரேகை எல்லாம் முடிந்த பிறகு, சொந்தக்காரர் அல்லாத நாலு பேர் வேண்டும். அவளை மூன்று வருடமாவது அறிந்தவர்களாக இருக்க வேண்டும். இவள் எப்படிப்பட்டவள் என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். கார்மைன் அறிமுகமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது, ஆகவே காதலனுக்குத் தகுதியில்லை. பல் மருத்துவர் ஒருவர், தேவாலயப் பாடற்குழுத் தோழி ஒருத்தி, பழைய வீட்டுக்காரர் ஒருவர். மூவரும் பதில் அனுப்பிவிட்டார்கள்.

நாலாவது ஆள் நான்.

பல வருடமாகப் பாத்திரங்களின் குணத்தை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கி எழுதிய எனக்கு, முதல்முறையாக ஓர் அரசாங்கம் கேள்வி அனுப்பியது. ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய எதையாவது செய்ததையோ சொன்னதையோ நீங்கள் அறிவீர்களா?

ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

7

போன நவம்பர், ஒரு சாயங்காலம். நான் பீட்சா வரவழைத்திருந்தேன். கொண்டுவந்தவன் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டான். கதவுகள் அவ்வளவு நெருக்கம், எல்லோரும் செய்கிற தவறுதான். தட்டும் முன் அவன் கார் வாசலில் எஞ்சின் ஓட நின்றிருந்தது. ரோண்டா திறந்தாள். "அது எனக்கு!" என்று கத்திக்கொண்டே நானும் என் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவள் கை பைக்குள் இருந்தது.

இந்தக் காட்சியை நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

(அ) கை பைக்குள்ளேயே இருந்தது. "பக்கத்து வீடு, தம்பி," என்றாள். அவன் போனான்.

(ஆ) கை வெளியே வந்தது. கறுப்பாக ஏதோ, அரை நொடி. அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

(இ) அவள் குறிபார்த்தாள். பெட்டி கீழே விழுந்து, படியெல்லாம் சிவப்பாகத் தக்காளி வழிய* 

* வெட்கமாக இருக்கிறது. பெட்டி விழவில்லை. அவளும் நானும் அதை என் சமையலறையில் சாப்பிட்டோம். அவள் பையை விடாமல் பிடித்திருந்ததால் அவள் பங்கை நான்தான் பிய்த்து ஊட்டிவிட்டேன்.

(இ) பொய். அது எனக்கு நிச்சயம். தொல்லை என்னவென்றால், (ஆ)வைத்தான் நான் அதிகமாகத் திருத்தினேன். காட்சி அதில்தான் நன்றாக வந்திருந்தது. இப்போது கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது (ஆ). அது நடந்ததா, நான் எழுதி எழுதி நடக்கவைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என் தொழில்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததேயில்லை.

8

ஆகவே முடிவுகள்.

முதல் முடிவில் நான் 'இல்லை' என்று குறிக்கிறேன். உரிமம் வருகிறது. ரோண்டா பையோடு பாலத்தைத் தாண்டுகிறாள், நடுவில் நிற்காமல். சால் பக்கத்தில் இருக்கும் ஒருநாள் காலை, புதிதாக ஒருவன் ஏதோ கொண்டுவந்து கதவைத்

இரண்டாவதில் 'ஆம்' என்று குறிக்கிறேன். உரிமம் மறுக்கப்படுகிறது. கார்மைன் ஞாயிறுதோறும் பாலத்து முனையில் நிற்கிறான். பிறகு ஒரு ஞாயிறு நிற்கவில்லை. ஓஹையோவிலிருந்து ஒருநாள் ஒரு கார்

இரண்டையும் முடிக்க எனக்குத் தைரியமில்லை. எழுத வராமல் அல்ல, இரண்டுமே மிகச் சுலபமாக எழுத வருகிறது.

கடைசியில் ரோண்டாவையே கேட்டேன். அவள் வீட்டில், பாதி கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில். மூன்று பேரின் பதில் போன தைரியத்தில் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

"அன்னிக்குப் பீட்சாக்காரன் வந்தானே. கையை வெளிய எடுத்தியா?"

அவள் ஒரு கோப்பையைச் சுற்றி முடித்தாள்.

"எனக்குத் தெரியலடி."

"தெரியலைன்னா?"

"எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நீ என் வாயில பீட்சாவை ஊட்டிட்டு இருந்த. நடுவுல நடந்தது எனக்கு ஞாபகத்துல இல்ல. அதான் நாலாவது ஆளா உன்னைக் கேட்டேன்."

"நான் நல்லபடியா எழுதுவேன்னுதானே கேட்ட?"

"போடி. நல்லபடியா எழுத எத்தனையோ பேர் இருக்காங்க. அன்னிக்குப் பாத்தவ நீ ஒருத்திதான். நான் அதை வெச்சுக்கலாமா கூடாதான்னு எனக்கும் தெரியணும். நீ 'ஆம்'னு போட்டா கோச்சுக்க மாட்டேன். இந்தப் பெட்டியெல்லாம் பிரிச்சு வெச்சுடுவேன், அவ்ளோதான்."

அந்தக் கோப்பையைப் பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

9

கேள்வி இன்னும் என் திரையில் திறந்திருக்கிறது. மூன்று வருடம் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அவளை ஒரு கதை நேரம்தான் அறிவீர்கள், அதுவும் என் வழியாக, என்னைத்தான் நம்பமுடியாது என்று இப்போது தெரிந்துவிட்டது. இருந்தாலும் உங்களைத்தான் கேட்கிறேன், ஏனென்றால் நீங்கள் அந்தக் காட்சியைத் திருத்தவில்லை.

நவம்பர் சாயங்காலம். ஒரு கார் எஞ்சின் ஓட நிற்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். ரோண்டா திறக்கிறாள், கை பைக்குள் இருக்கிறது. நான் கத்தப்போகிறேன், இன்னும் கத்தவில்லை. என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவள் கையைப் பாருங்கள், என் வாக்கியத்தைப் பார்க்காதீர்கள்.

பார்த்ததைச் சொல்லுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை, கார்மைன் பாலத்துக்கு வந்துவிடுவான்.