தீர்த்தக் கிண்ணம்

பிடெல்மா பிரிட்ஜின் கீழ்த்தட்டை மறுபடியும் துழாவினாள். யார் யாரோ கொண்டுவந்து திணித்த பன்றிக்கறியும் வெண்ணெயும் கேக்கும் கைக்குத் தட்டுப்பட்டன. மலக்கியின் பாட்டிலை மட்டும் காணோம்.

முன்னறையில் மலக்கி சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்று மாலையிலிருந்து டப்ளினின் அந்தத் தெருவே வந்து போய்க்கொண்டிருந்தது. வந்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்து, "உன் துக்கத்துக்கு வருத்தப்படறோம்" என்றார்கள். அவளும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து நொந்துபோனாள். அழவேண்டிய நேரத்திலெல்லாம் அவளுக்குத் தூக்கம்தான் வந்தது. கணவன் செத்த வீட்டில் இப்படியா என்று தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

சமையலறை வாசலில் ஈமர் நின்றிருந்தாள். பேராசிரியர் மலக்கியிடம் கடைசியாக ஆராய்ச்சி செய்த மாணவி. பாட்டிலை வைத்து எடுத்துப்போக ஐஸ் பெட்டி கொண்டுவந்திருந்தாள்.

"இன்னிக்கு வந்து கேக்கறதே சங்கடமா இருக்கு, பிடெல்மா. அடக்கம் முடிஞ்சப்புறம் வரட்டுமா?"

"நான்தானே வரச் சொன்னேன். அவர் எங்கிட்ட கேட்டதே அது ஒண்ணுதான். பாட்டில ஈமர் கையில குடு, வேற யாரும் தொடக்கூடாதுன்னு."

வளையம் வளையமான சர்க்கரை மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டு அழுததில் மலக்கியின் பாதி ஆயுள் போயிருந்தது. அந்த வளையத்தின் ஒரு பக்கத்துக்குத் தண்ணீர் என்றால் உயிர். இன்னொரு பக்கம் கொழுப்பு வால்கள். அவற்றுக்குத் தண்ணீரே ஆகாது. தண்ணீரில் விட்டால், யாரும் சொல்லாமலே வால்களை நடுவில் மறைத்துக்கொண்டு, நெருக்கியடித்துச் சுவர்போல நின்று, கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாகிவிடும். "கல்யாணத்துல பிடிக்காத சொந்தக்காரனுக்கு முதுகக் காட்டிட்டு நிப்போமே, அதேதான்" என்பார். உள்ளே மருந்தை வைத்து உடம்புக்குள் அனுப்பலாம் என்பது அவர் ஆசை. சில வாரத்தில் உடைந்துவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு வருடம் நிற்கும் என்று இவர் மல்லுக்கு நின்றார். போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், அந்தக் குமிழிகளைச் செய்து அடைத்த பாட்டில் அது. ஓய்வு பெற்றதும் ஆய்வகத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாட்டில் வீட்டுக்கு வந்தது. இந்தத் தவக்காலத்தில், அதை எடுத்துப் பார்க்குமுன் அவர் போய்விட்டார்.

"என்ன தேடற கண்ணு?" என்றாள் டிம்ப்னா, கழுவுதொட்டியிலிருந்து தலையைத் திருப்பாமல். பக்கத்து வீட்டுக்காரி. நேற்றிலிருந்து இந்தச் சமையலறை அவள் ராஜ்யம்.

"ஒரு சின்ன பாட்டில். நீல மூடி போட்டது."

"தீர்த்தம்தானே? காலைல முன்னறைல பெட்டிகிட்ட இருக்கற கிண்ணம் வத்திப்போச்சு. பிரிட்ஜில இருந்த பாட்டில எடுத்துப் பாத்தேன், மாதா அங்கி மாதிரி லேசா நீலம் பூத்திருந்துச்சு. மாதா கோயிலுக்குப் போனப்ப கொண்டாந்து பத்திரமா வெச்சிருக்கேன்னு நெனச்சு ஊத்திட்டேன். பாட்டிலயும் கழுவிக் கவுத்தாச்சு."

பாட்டில் கோப்பைகளுக்கு நடுவே பளபளவென்று கவிழ்ந்திருந்தது. நேற்றிலிருந்து சோறு தண்ணி பார்க்காமல் உழைக்கிறவளை என்ன சொல்வது?

"நல்லது டிம்ப்னா," என்றாள்.

முன்னறையில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் இவர்களைப் பார்த்ததும் புகைபிடிக்க எழுந்து போனார்கள். பெட்டியருகே கண்ணாடிக் கிண்ணம் இருந்தது, அதில் ஒரு பச்சைக் கிளை. வந்தவர்களெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டு மலக்கி மேல் தெளித்திருந்தார்கள்.

ஈமருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "காலைலேர்ந்து அவரையே அவர் மேல தெளிச்சிருக்காங்க."

"கோயில் பக்கமே தலை வெச்சுப் படுக்காத மனுஷன்," என்றாள் பிடெல்மா. "மிச்சத்தையாவது எடுத்துட்டுப் போ."

"பழைய தீர்த்தம், விரல் அழுக்கு எல்லாம் கலந்துபோச்சு. இத வெச்சு யார்கிட்டயும் பேச முடியாது. சிரிப்பாங்க."

பிடெல்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரே ஒரு வேலை சொன்னார். அதையும் கோட்டை விட்டாயிற்று. "ஊர் ஒத்துக்கலேன்னா போகுது. எனக்குத் தெரியணும் ஈமர். நிக்குதா, இல்லியா?"

ஈமர் யோசித்தாள். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். ஒரு அட்டையில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகக் கைபேசியின் விளக்கைப் பக்கவாட்டில் காட்டினாள். தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. கிண்ணத்துக்கு அதே விளக்கைக் காட்டினாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடியது.

"கோடு தெரியுதுன்னா குமிழி இருக்குன்னு அர்த்தம். தூசின்னா புள்ளி புள்ளியா மின்னும். உடைஞ்சிருந்தா அடியில படிஞ்சிருக்கும். இது நிக்குது, பிடெல்மா. இத்தன பேர் கை பட்டும் நிக்குது."

"இத ஆராய்ச்சிக் கட்டுரையா எழுத முடியாதா?"

"முடியாது."

"சரி," என்றாள் பிடெல்மா. அவர் ஜெயித்துவிட்டார், அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த நினைப்பில்தான் அவளுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

கதவு தட்டி, பெட்டி மூட வந்தவர்கள் உள்ளே வந்தார்கள். மூத்தவர் மெதுவாக, "நேரமாச்சும்மா, மூடிடலாமா?" என்றார்.

நேற்றிலிருந்து அவள் அந்தக் கிளையைத் தொட்டிருக்கவில்லை. அவருக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டாள். இப்போது எடுத்து, கிண்ணத்தில் நன்றாக முக்கி, நெற்றியில், சட்டையில், கோத்து வைத்த கைகளில் தெளித்தாள். மறுபடி முக்கினாள். கிண்ணம் காலியாகும்வரை தெளித்தாள். இமைமேல் விழுந்த ஒரு துளியைத் துடைக்க ஈமர் கைக்குட்டையை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றாள் பிடெல்மா.

மூடியைப் பிடித்திருந்த இருவரும் காத்திருந்தார்கள்.