மரியாதைக்கு ஒரு காரணம்

பஸ்மினா சின்னக் கரண்டியில் ஜம்ஜம் தண்ணீரை எடுத்து அத்தாவின் உதட்டில் விட்டுக்கொண்டிருந்தபோது அவர் கலிமா சொல்லத் தொடங்கினார். முதல் பாதி குரலாக வந்தது. மிச்சம் வெறும் காற்றாக வந்தது. சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"சரியாச் சொன்னேனாம்மா?"

"சரிதான் அத்தா. நல்லாச் சொன்னீங்க."

அவர் நம்பவில்லை என்பது புருவத்தில் தெரிந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்க்க நினைத்தவர்போல உதடு அசைந்தது, பிறகு அசையாமல் போனது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே தேயிலை மலை முழுவதும் பனிக்குள் கிடந்தது. பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது.

றொசல்லை ஊருக்குக் கீழேயிருக்கும் அந்தச் சிறிய கடைவீதியில் அத்தாவை மஸ்தான் ஹஸரத் என்றால்தான் தெரியும். பள்ளிக்கு இமாமாக வந்தபோது பஸ்மினா தாயின் இடுப்பில் இருந்தாள். அன்றிலிருந்து அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளின் காதில் பாங்கு சொன்னதும், கலியாணங்களில் நிக்காஹ் ஓதியதும், பங்காளிச் சண்டைகளை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உட்காரவைத்துத் தீர்த்ததும் அவர்தான். வெள்ளிக்கிழமை மாலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பயந்த பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை, காய்ச்சல் விடாத பிள்ளை. பள்ளி வாசலில் நின்று ஒவ்வொரு தலையிலும் கைவைத்து ஓதி ஊதிவிடுவார். "மருந்தையும் குடுக்கணும், ஆஸ்பத்திரிக்கும் போகணும், கேட்டுச்சா?" என்று சொல்லித்தான் அனுப்புவார். ஒரு வருசம் பெரிய மழையில் தோட்டத்தின் மேற்பிரிவில் மண் சரிந்தபோது, யாரையும் கேட்காமல் பள்ளியைத் திறந்து லயத்துச் சனங்களை உள்ளே படுக்கவைத்தவரும் அவர்தான்.

அந்த மழைக்குப் பிறகு வந்த நோன்பு முடிந்த கையோடு பள்ளி நிருவாக சபை அவரை விலக்கியது. நோன்பு இரவின் தராவீஹ் தொழுகையில் குர்ஆன் ஆயத்துகளை விட்டுவிட்டு ஓதுகிறார், ஞாபகம் போய்விட்டது என்று காரணம் சொன்னார்கள். செய்தியைக் கொண்டுவந்து அவரிடம் பக்குவமாகச் சொன்னது பஸ்மினாவின் கணவன் நிஸ்தார்தான். சபையின் செயலாளர் அவர்.

அத்தா கோபப்படவில்லை. "நான் விட்டதே எனக்குத் தெரியலயே மாப்ள," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு மகள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தார். பள்ளியில் கடைசி வரிசையில் நின்று தொழுதார். மகள் சமைக்கும்போது குசினியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஓதுவார். அவள் குர்ஆனைத் திறந்துவைத்து விரலால் தொடர்ந்துகொண்டே வரவேண்டும். ஒருநாளும் ஓர் எழுத்துகூட விலகவில்லை. ஆனாலும் நடுவில் நிறுத்திவிட்டு, "நீ எனக்காகச் சரின்னு சொல்றம்மா, எங்கயோ விட்டுட்டேன்," என்பார். வீட்டில் தொழும்போதுகூட முன்னால் நின்று நடத்தமாட்டார். "நீங்க நில்லுங்க மாப்ள. எனக்குத் தவறிப்போகும்." நிஸ்தார் முன்னால் நிற்பார். அவருக்குத் தெரிந்த ரெண்டு மூன்று சின்ன சூராக்களையே மாற்றி மாற்றி ஓதுவார். ஹஸரத் பின்னால் கைகட்டி நிற்பார்.

அன்று காலை பனி கலைவதற்குள் அத்தாவின் மூச்சு நின்றுவிட்டது.

வீடு நிறைந்தது. அஸருக்கு அடக்கம் என்று முடிவானது. நிஸ்தார் உடலைச் சுற்றும் கபன் துணிக்கும் சூடத்துக்கும் கடைவீதிக்குப் போனார். பின்வாசலில் வேலாயி வந்து உட்கார்ந்தாள். கொழுந்து பறிக்கப் போகாமல் லயத்திலிருந்து நேராக இறங்கி வந்திருந்தாள்.

"எம் பேத்திய அசரத்துதாங்க காப்பாத்துனாரு. மண்ணு வந்த அன்னைக்கி அவரு சால்வையிலதான் புள்ளையச் சுத்தி வச்சிருந்தோம்," என்றாள். "உள்ள வரலாமாங்க? இல்ல, இப்படியே இருந்துக்கவா?"

"உள்ள வாங்க," என்று பஸ்மினா கையைப் பிடித்து எழுப்பினாள். முன்னறைக் கதவோரம் பெண்களோடு உட்காரவைத்தாள். ரெண்டு பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். வேலாயி அதைக் கண்டும் காணாதவள்போலச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் புதிய இமாம் அஷ்கர் மௌலவி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. திரைக்கு அந்தப்பக்கம் நின்று பேசினார்.

"ராத்தா, ஜனாஸாத் தொழுகைய யார் நடத்துறதுன்னு கேக்க வந்தேன். ஆம்பளப் புள்ளையும் இல்ல. ஹஸரத் யாரையாச்சும் சொல்லிவச்சாங்களா?"

"இல்ல மௌலவி. நீங்களே நடத்துங்க." "வீட்டுல நல்லாத்தான் ஓதுனாங்க, ஆனா அத்தாவுக்குத் தொழவைக்கையில மறந்துபோச்சாமே. அதே கவலையிலதான் போனாங்க. நீங்க நிறுத்தி, நிதானமா ஓதுங்க."

மௌலவி திரைக்கு இன்னும் நெருங்கி வந்தார்.

"மறந்துபோச்சுன்னு யாரு சொன்னா?"

"சபையிலதான. தராவீஹ்ல ஆயத்து விட்டாங்கன்னு."

"அந்த நோன்பு முழுக்க அவங்களுக்குப் பின்னால நின்னு கேட்டது நான்தான் ராத்தா. விட்டா எடுத்துக்குடுக்கத்தான் என்னை வச்சிருந்தாங்க. எடுத்துக்குடுக்க ஒரு தடவகூட வேலை வரல."

பஸ்மினா திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப யாரு அப்படிச் சொன்னது?"

மௌலவி தயங்கினார். "ராத்தாவுக்குத் தெரியும்னு நெனச்சேன். லயத்து ஆளுங்க பள்ளிக்கு வர்றத நிப்பாட்டணும்னுதான் சபைக் கூட்டத்துல பேச்சு. ஹஸரத் கேக்கமாட்டாருன்னாங்க. அப்ப நிஸ்தார் நானாதான், மனசு நோகாம விலக்குறதுக்கு இப்படிச் சொல்லலாம்னாரு." குரல் தாழ்ந்தது. "நானும் அங்கதான் இருந்தேன். வாயத் தொறக்கல."

நிஸ்தார் வெள்ளைத் துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்ததும் பஸ்மினா அவரைக் குசினிக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"மச்சான், அத்தா எந்த ஆயத்த விட்டாங்க?"

"என்ன?"

"தராவீஹ்ல. எந்த சூராவுல எந்த ஆயத்து?"

அவர் துணியை அடுப்பங்கரைத் திண்டில் வைக்கப் போய், ஈரம் இருப்பதைப் பார்த்து மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இப்பப் பேசுற பேச்சா இது? வெளிய எத்தன பேரு நிக்கிறாங்க."

"சொல்லுங்க."

"உள்ளதச் சொல்லியிருந்தா மனுசன் ஒடஞ்சிபோயிருப்பாரு. இத்தன வருசம் செஞ்சது தப்புன்னு அவரு மூஞ்சிக்கு நேரா யாரு சொல்றது? வயசாச்சு, ஞாபகம் போச்சுன்னா ஏத்துக்குவாரு. மரியாதையா வெலகட்டும்னுதான் செஞ்சேன். உங்க அத்தாங்குறதாலதான் செஞ்சேன்."

"மரியாதையா," என்றாள் பஸ்மினா.

"சபையில நான் ஒருத்தன் மட்டுமா?"

"இந்தக் குசினியில ஒக்காந்து தெனமும் ஓதிக் காட்டுனாங்களே, அதையாச்சும் பாத்தீங்களா? நீங்க அந்தக் கதவுகிட்ட நின்னு தேத்தண்ணி குடிச்சிக்கிட்டுத்தான இருந்தீங்க?"

வெளியிலிருந்து யாரோ, "நிஸ்தார், துணி வந்துருச்சா?" என்று கூப்பிட்டார்கள். அவர் கதவைத் திறந்துகொண்டு போனார்.

அவளுக்கு உடனே அத்தாவிடம் போகவேண்டும் போலிருந்தது. நீங்கள் ஒன்றும் விடவில்லை என்று போய்ச் சொல்லிவிடவேண்டும். முன்னறைக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆண்கள் மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்து தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வலதுபக்கம் திருப்பச் சொல்லும் குரல் நிஸ்தாருடையது. அவள் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். வேலாயி எழுந்துவந்து அவள் முதுகில் கைவைத்தாள்.

கபனிட்ட பிறகு பெண்கள் முகம் பார்க்க அழைத்தார்கள். வெள்ளைத் துணிக்குள் அத்தாவின் முகம் மட்டும் தெரிந்தது. சூட வாசம் அறையை அடைத்திருந்தது. பஸ்மினா குனிந்தாள். அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள். காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

பிறகு நிமிர்ந்து, பின்னால் காத்திருந்த வேலாயிக்கு வழிவிட்டாள்.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். நிஸ்தார் முன்பக்கம் தோள் கொடுத்தார். ரோட்டுக்கு அந்தப்பக்கம், பள்ளி மதிலை ஒட்டாமல் தள்ளி, லயத்துப் பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். சந்தூக்கு கடந்தபோது ஒருத்தி தன் இடுப்பிலிருந்த பிள்ளையின் கையைப் பிடித்துக் கும்பிடவைத்தாள்.

தொழுகைக்கு முன்னால் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. குடும்பத்தின் சார்பில் நிஸ்தார் பேசினார். வீட்டில் பெண்கள் எல்லோரும் காதுகொடுத்தார்கள்.

"மௌத்தான நம்ம ஹஸரத், ஹயாத்தோட இருந்த காலத்துல யாருக்காவது சொல்லாலயோ செயலாலயோ நோவினை குடுத்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கிடுங்க..."

குரல் தழுதழுத்தது. பொய்யான அழுகை இல்லை அது. அவருடைய உண்மையான அழுகை பஸ்மினாவுக்குத் தெரியும். ஒரு கிழவி, "நல்ல மருமகன், மகன் மாதிரி," என்று மூக்கைச் சிந்தினாள். பஸ்மினா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மையவாடியில் அடக்கிவிட்டு ஆட்கள் திரும்பி, தேத்தண்ணி குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்தித் தொழுகையான மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. மலையிலிருந்து மறுபடி பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கடைசியாக வந்த நிஸ்தார் வாசல் பைப்பைத் திறந்து காலைக் கழுவினார். கணுக்கால்வரை ஒட்டியிருந்த செம்மண் கரைந்து சிமெந்துத் தரையில் ஓடியது.

"பஸ்மினா, கால் தொடைக்கத் துவாயக் கொஞ்சம் எடு."

துவாய் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில்தான் கிடந்தது.

"பஸ்மினா."

பைப்பை மூடினார். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கூப்பிடவில்லை. ஈரக் காலோடு படியில் நின்றுகொண்டேயிருந்தார்.