நமச்சிவாயத்தின் நெல்

“நமச்சிவாயம்! யாருப்பா நமச்சிவாயம்?”

மூன்று நாளாகத் தன் நெல் குவியலுக்குக் காவல் உட்கார்ந்திருந்த கமலவேணி, கொள்முதல் நிலையத்து மேசையை நோக்கி ஓடினாள். அவர் தன் புருஷன், தவறி இரண்டு வருடமாகிறது என்றாள். அப்படியானால் எடை போட முடியாது என்றார் எழுத்தர். எந்த நிலத்தில் யார் பயிர் வைத்தது என்று வி.ஏ.ஓ. எழுதித் தரும் அடங்கலில் நமச்சிவாயம் பெயர்தான் இருந்தது. செத்தவர் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம்.

மாகறல் பக்கம் அறுபது சென்ட் நிலம். நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை அவள் கைதான். குவியலின்மேல் அவள் போட்டிருந்த சாம்பல் குறி கலையாமல் இருந்தது. திருடன் கை வைத்தால் அது காட்டிக்கொடுக்கும். மழையை என்ன செய்யும்? மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் முளை விட்டுவிடும், அப்புறம் வியாபாரி கேட்ட விலைதான்.

பக்கத்து வயல்காரி பொன்னியம்மாள் தன் தார்ப்பாயை இழுத்து இரண்டு குவியலுக்குமாகப் போர்த்தினாள். கல்லை வைத்துவிட்டு, கமலவேணியை வி.ஏ.ஓ.விடம் கூட்டிப் போனாள்.

பக்கத்து நிலத்துக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால், பயிர் வைத்தவர் என்று கமலவேணி பெயரை எழுதலாம் என்றார் அவர். ஏட்டைப் புரட்டினால், பக்கத்து நிலம் பொன்னியம்மாளின் புருஷன் துரைக்கண்ணு பெயரில் இருந்தது. அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அவரை வரச் சொல்லுங்கள் என்றார் வி.ஏ.ஓ.

“அவருக்கு எங்க வயலு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது சார்,” என்றாள் பொன்னியம்மாள். “அவ வயல்ல நான் நட்டேன். என் வயல்ல அவ நட்டா. வேற யாரு வந்து சாட்சி சொல்றது?”

வி.ஏ.ஓ. ஏட்டை மூடிவைத்தார். வண்டியை எடுத்துப் போய் இரண்டு வயலையும் பார்த்துவிட்டு வந்தார். ஒருத்திக்கு மற்றவளைச் சாட்சியாக வைத்து, இருவர் பெயரிலும் ஆளுக்கொரு அடங்கல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் திரும்பி வந்து புது அடங்கலை மேசையில் கொடுத்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. தார்ப்பாய் பறக்காமல் ஆளுக்கொரு முனையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“கமலவேணி!”

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஊராருக்கு நமச்சிவாயம் பெண்சாதி. பிள்ளை பிறந்த பிறகு யுவன் அம்மா. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஆண்கள் நின்றிருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“யாரும்மா கமலவேணி?”

பொன்னியம்மாள் அவள் முழங்கையில் இடித்தாள். “உன்னத்தான் கூப்புடுறாரு. எழுந்து போ.”