முன்வாசல் வழியாகத்தான்

சின்ன விடுதிகளில் லிஃப்ட் இருந்தால் குளியலறைக் கதவு குறுகல். கதவு அகலமாக இருந்தால் லிஃப்ட் இல்லை. மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக நகரத்தில் இரண்டொரு நாள் தங்கியாக வேண்டும். கணவரோ பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலியே கதி என்று இருப்பவர். அதனால்தான் அந்தத் தையல்காரி, வாடகையைக் கேட்டுத் தலை சுற்றியும், இருப்பதிலேயே பெரிய ஹோட்டலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். போனில் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரித்தாள். "எல்லா வசதியும் இருக்கு மேடம், கவலையே படாதீங்க" என்றது தேனொழுகும் குரல்.

வந்து இறங்கினால் வாசல் நெடுகப் பளிங்குப் படிகள்.

கோட்டு கசங்காமல் மேலாளர் வந்தார். "பின்பக்கம் ஒரு வழி இருக்கு மேடம். சமையலறையத் தாண்டினா சரக்கு லிஃப்ட்..."

"சரக்கு லிஃப்டா? இவர் என்ன வெங்காய மூட்டையா?"

"இல்லன்னா நாலு பேர் வந்து தூக்கிருவாங்க."

கணவர் ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். யாரிடமும் குரல் தாழ்த்திப் பேசியறியாதவர். இப்போது அவள் முந்தானையை மெல்ல இழுத்தார். "விடும்மா. எதுக்கு வம்பு? பின்னாடியே போயிருவோம்."

அந்தத் தணிந்த குரல்தான் அவளை உசுப்பிவிட்டது. பதில் சொல்ல நிமிர்ந்தபோது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வரவேற்புக் கூடத்தின் நடுவே, ரிப்பன் கட்டிய புத்தம்புதுக் கார் ஒன்று நிற்பது தெரிந்தது.

"அது எப்படி உள்ள போச்சு?"

"விளம்பரத்துக்கு மேடம். கார் கம்பெனிக்காரங்க..."

"எதுக்குன்னு நான் கேக்கல. எப்படின்னு கேக்குறேன். படியேறி நடந்தா வந்துச்சு?"

மேலாளர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "இரும்புப் பலகை இருக்கு. சாய்வா போட்டுக்கலாம். ஆனா முகப்போட அழகு கெட்டுருதுன்னு உள்ள எடுத்து வெச்சிருக்கோம்."

"காருக்குப் போட்டப்ப கெடாத அழகு, என் புருஷனுக்குப் போட்டா கெட்டுருமா?"

சொல்லிக்கொண்டே நாற்காலியை வாசலுக்கு நேர் நடுவில் உருட்டி, பிரேக்கைப் போட்டாள். பின்னால் வந்த கார்கள் ஹாரனடித்தன. யாரோ தலையை நீட்டி என்னவென்று கேட்டார். "இவங்களையே கேளுங்க!" என்று மேலாளரைக் கை காட்டினாள். அவர் உள்ளே திரும்பிக் கைதட்டி ஆட்களைக் கூப்பிட்டார்.

பலகை வந்தது. "அப்படி இல்லப்பா, கொஞ்சம் இடது பக்கம் தள்ளு" என்று கணவரே சொல்லிச் சொல்லிப் போட வைத்தார். பழைய அதட்டல் அவர் குரலுக்குத் திரும்பியிருந்தது. முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள். விழாவுக்கும் அப்படியே போய் வந்தார்கள்.

கிளம்பும் நாளில் மேலாளர் கைகூப்பினார். "மறுபடியும் நீங்க வரணும்."

"நாங்க வர்றது இருக்கட்டும். பலகை அங்கயே கிடக்கட்டும்."

"கண்டிப்பா மேடம்."

டாக்ஸி நகர்ந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேர் பலகையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள். நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.